மூக்கில்லாத கம்ப்யூட்டர்

சத்தமே போடாத கம்ப்யூட்டரை விற்கத் தொண்டை வறளக் கத்த வேண்டும். இதுதான் என் தொழில். இதில் மாட்டிக்கொண்டவர்களுக்கும், என்னைப் போன்றவர்களிடம் மாட்டிக்கொண்டவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

பம்பு கம்பெனியில் கம்ப்யூட்டர் பராமரிப்பு வேலையை விட்டுவிட்டு, காலி செய்த ஓர் அலுவலகத்திலிருந்து நாற்பது ‘தின் கிளையன்ட்’ எனும் குட்டிக் கம்ப்யூட்டர்களை மொத்தமாக வாங்கினேன். கையகலப் பெட்டிகள். உள்ளே ஃபேன் கிடையாது. பழைய குண்டு பல்பு இழுத்த கரண்டில் கால்வாசி போதும். காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ் மென்பொருளை ஏற்றி, அறைக்கு ஒன்று வைத்து, வீட்டுக் கோப்புகள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும்படி இணைத்துக் கொடுப்பேன். நாற்பதும் எங்கள் முன்னறையில் அடுக்கிக் கிடந்தன. அந்த அறையில் டியூஷன் எடுக்க என் மனைவி கவிதா பிள்ளைகளைச் சேர்த்துவிட்டிருந்தாள். அவள் சொன்னது: "பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள ரூம் காலியாகோணுங்க. இல்லீன்னா பம்புக் கம்பெனிக்கே போயிருங்க."

போவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன்.

மீதி எங்கே?

ஆர்.எஸ்.புரத்தில் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவர். மானிட்டரின் முதுகில் பெட்டியை மாட்டி, கடிதம் அடித்துக் காட்டினேன், பேரனின் பிறந்தநாள் வீடியோவை ஓட்டிக் காட்டினேன். கண் கொட்டாமல் பார்த்தார். காபி வந்தது. ஒன்று விற்றது என்ற தெம்பில் கேட் வரை போய்விட்டேன். பின்னாலிருந்து கூப்பிட்டார்: "எல்லாம் அருமைங்க தம்பி. கம்ப்யூட்டர் எப்பங்க வரும்?"

காலிப் பெட்டி யோசனை

அவர் வாங்கவில்லை. அடுத்த மூன்று வீடுகளிலும் வாங்கவில்லை. என்னோடு பம்பு கம்பெனியில் இருந்த சிவக்குமார் இப்போது கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான். அவன்தான் யோசனை சொன்னான். பெரிதாக, சத்தத்தோடு இருந்தால்தான் கம்ப்யூட்டர் என்று நம்புவார்களாம்; அதனால் பெரிய காலி சி.பி.யு. கேபினட்டுக்குள் என் பெட்டியை ஒளித்துவைத்து, சும்மா ஒரு ஃபேனைச் சுற்றவிட வேண்டுமாம். கேபினட்டையும் அவனே கொண்டுவந்து வைத்தான்.

மாட்டிப் பார்த்தேன். ஃபேன் கிர்ரென்று சுற்றியது. நாலு பெட்டியாவது போகும் என்று மனசு தடுமாறியது உண்மை. ஆனால் எதை ஒழிக்கக் கிளம்பினேனோ அதையே காசு கொடுத்து உள்ளே வைப்பதா? எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. திருகாணிகளைக் கழற்றி கேபினட்டை அவனிடமே திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு சொன்னான்: "நீ இப்ப பிடிவாதத்தையும் சேத்து விக்கறே மாப்ள. அதுக்கு வாரன்டி உண்டா?"

தறி வீடு

கருமத்தம்பட்டியில் பழனிசாமி என்ற தறிக்காரரின் வீட்டை ஒட்டியே விசைத்தறிக் கொட்டகை. நான் "சத்தமே வராதுங்க" என்று கத்தினேன். தறிச் சத்தத்தில் அது அவர் காதில் விழவில்லை. இரண்டாம் தடவை விழுந்தது. சிரித்துவிட்டார். "இந்த ஊட்டுல அது சத்தம் போட்டாத்தான் யாருக்குங்க தெரியும்?" கிளம்ப வண்டிச் சாவியை எடுத்துவிட்டேன்.

வந்ததற்குப் பழைய கம்ப்யூட்டரையாவது பார்த்துவிட்டுப் போகச் சொன்னார், அடிக்கடி நின்றுவிடுகிறதாம். மூடியைத் திறந்தேன். உள்ளே தலையணைக்குக் காணும் அளவுக்குப் பஞ்சு. ஃபேன் இழுத்து இழுத்து அடைத்துவைத்திருந்தது. இந்த வருஷத்தில் இது மூன்றாவது ஃபேன் என்றார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி அம்சவேணி என் பெட்டியைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் திருப்பினார். நான் இத்தனை வீடு ஏறியும் எனக்குத் தோன்றாததை அவர்தான் கேட்டார்: "ஏனுங்க, இதுக்கு மூக்கே இல்லீங்களே, அப்பறம் பஞ்சு எப்புடிங்க உள்ள போகும்?"

ஒரு புகார்

முதல் விற்பனை அந்த வீட்டில்தான். அதற்குப் பிறகு சத்தத்தைப் பற்றிப் பேசுவதையே விட்டேன். தறி வீடு தறி வீடாக ஏறிப் பஞ்சைப் பற்றி மட்டும் பேசினேன். பெட்டிகள் மளமளவென்று போயின. ஒருநாள் அம்சவேணி போன் செய்தார். குரலில் கடுப்பு. ஒரு வீட்டில் பெயர் கெட்டால் ஊர் முழுக்கக் கெடும். என்ன கோளாறு என்று கேட்டேன். "முந்தியெல்லாம் கரண்டு போனா பசங்க எந்திரிச்சுச் சோத்துக்கு வருவாங்க. இது இன்வெர்ட்டர்லயே மணிக்கணக்கா ஓடுதுங்க. நிக்கற மாதிரி ஒண்ணு இல்லீங்களா?"

கடைசி மூன்று

பள்ளி திறக்க இரண்டு நாள் இருக்கையில் முன்னறையில் மூன்றே பெட்டிகள் மிச்சம். அன்றைக்கே ஒரு தறிக்காரர் மூன்று கேட்டார். பம்பு கம்பெனி இனி இல்லை என்ற நிம்மதியில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெட்டிகளை எடுக்க ஓடினேன். அறையில் பாய் விரித்து, மூன்றையும் மேசைமேல் வரிசையாக வைத்து, கவிதா கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தறிக்காரர் காத்திருக்கிறார் என்றேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை: "இது எங் கிளாஸுக்குங்க. அவருக்கு வேணும்னா போயி இன்னொரு நாப்பது வாங்கியாங்க."

ஊரையே சம்மதிக்க வைத்துவிடலாம் நண்பர்களே, ஆனால் நம் வீட்டில் ஒருவருக்குப் பெட்டி பிடித்துப்போனால் அதை வெளியே எடுத்துவர எந்த லினக்ஸிலும் வழி கிடையாது.