கிளாத்ரினைக் காணவில்லை

ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்த நாலாவது வருஷம் நான் ஒரு மாபெரும் கண்டுபிடிப்பைச் செய்தேன். செல்களில் கிளாத்ரின் இல்லை. வெளியிலிருந்து எதையாவது செல் உள்ளே இழுக்கும்போது, அதைச் சுற்றிக் கூடை மாதிரி பின்னிக்கொள்ளும் புரதம் அது. அது இல்லாவிட்டால் செல் பாதிப் பட்டினி. என் தட்டில் இருந்த செல்களோ கொழுகொழுவென்று வளர்ந்தன. அதைப் பார்த்தாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கிளாத்ரினைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ள ஓர் ஆன்டிபாடி வாங்கியிருந்தோம். சுண்டுவிரல் உயரக் குப்பி, அடியில் நாலு சொட்டு. வந்து சேர ஆறு வாரம் ஆனது. லேபுக்குப் போக நான் தாம்பரத்தில் ரயிலேறி வண்டலூரில் இறங்குவதற்குள், ஃப்ரீசரில் இருக்கும் அதற்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று தினமும் பதறுவேன். ஆயுத பூஜைச் சந்தனம் இன்னும் உதிராத மைக்ராஸ்கோப்பில் மூன்று முறை பார்த்தேன். கிளாத்ரின் இருக்கிற இடமெல்லாம் ஒளிர வேண்டும்; மூன்று முறையும் கும்மிருட்டு.

தப்பு என்னுடையதாக இருக்கும் என்று தோன்றவே இல்லை. அவ்வளவு கெட்டிக்காரி நான். முந்தின வாரம் ஃப்ரீசரில் ஐஸ் சுரண்டியது லேப் உதவியாளர் அக்கா. கீழ்க்கட்டளையிலிருந்து வருபவர், ஒப்பந்த வேலை. "அக்கா குப்பியை வெளியில வெச்சு மறந்திருப்பாங்க சார்" என்று கைடிடம் சொன்னேன். திங்கட்கிழமை மீட்டிங்கில் சார் அவரை எல்லார் முன்னாலும் நிற்க வைத்துத் திட்டினார். இனி ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது சந்தேகம்தான் என்றார். "ஐஸ் பெட்டியிலதான் சார் வெச்சேன்" என்று அக்கா ஒரே தரம் சொன்னார். நான் நோட்டில் ஏதோ முக்கியமாக எழுதுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

கம்பெனிக்குக் காரசாரமாகப் புகார் எழுத உட்கார்ந்தபோதுதான் குப்பியோடு வந்த தாளை முழுதாகப் படித்தேன். முயலில் தயாரித்த ஆன்டிபாடி. அது தானாக ஒளிராது. முயலுடையதை அடையாளம் கண்டு ஒட்டுகிற, ஒளிரும் இன்னொரு ஆன்டிபாடியை மேலே ஊற்ற வேண்டும். எங்கள் லேபில் எல்லாரும் எலியில் தயாரித்ததையே வைத்து வேலை செய்கிறவர்கள். பழக்கதோஷத்தில் என் கை மூன்று முறையும் எலிக்கானதையே எடுத்து ஊற்றியிருக்கிறது.

சரியானதை ஊற்றிப் பார்த்தேன். செல் முழுக்கப் பச்சைப் புள்ளிகள். வருஷக்கணக்காக ஏங்கிய படம். அதைச் சேமிக்கக்கூட இல்லாமல் எழுந்தேன்.

அக்கா குடுவை கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய், யாருக்கும் கேட்காத குரலில் விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"என்னியத் திட்டசொல்ல எல்லாரும் பாத்துகினு இருந்தாங்கோ. நீ இன்னாமா காதாண்ட வந்து சொல்றே?"

அடுத்த திங்கட்கிழமை அக்காவையும் மீட்டிங்குக்கு வரச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். "நாலு வருஷமாச்சு, எலிக்கும் முயலுக்கும் வித்தியாசம் தெரியலையா?" என்றார் சார். எல்லாரும் சிரித்தார்கள். வெட்கம் கெட்டு நானும் சிரித்தேன். "சரி, அடுத்த படம்" என்றார் சார்.

அக்கா கதவோரமாகவே நின்றிருந்தார். நான் உட்காரவில்லை. "சார், நான் சொன்னதைக் கேட்டு நீங்க அக்காவைத் திட்டிட்டீங்க. அவங்ககிட்ட ஒரு வார்த்தை..."

சார் என்னை முறைத்தார். பிறகு அக்கா பக்கம் திரும்பினார். "ஸாரிம்மா. உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது."

"பரவால்ல சார்" என்றார் அக்கா. அதை அவரிடம் மட்டும்தான் சொன்னார். என்னிடம் இன்றுவரை சொல்லவில்லை.