ஈரத்துணி வந்த வழி

ஊரே கொட்டிவிட்டு மறந்துபோகிற தண்ணீருக்கு முதல் வாசல் அவருடையது. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் தண்ணீர் நுழையும் இடத்தில், விரல் அகல இடைவெளி விட்டு இரும்புக் கம்பிகள் நட்டிருக்கும். துணி, பிளாஸ்டிக், சீப்பு, பொம்மைக் காரின் சக்கரம் என்று எது வந்தாலும் அங்கே மாட்டிக்கொள்ளும். மோட்டாரில் ஓடும் இரும்பு வாரி ஒன்று, தலை வாருவதுபோல் அவற்றைக் கீழிருந்து மேலே வாரி வண்டியில் தள்ளும். அதைத் தாண்டினால் மணல் தொட்டி. அதில் தண்ணீரின் ஓட்டம் குறையும், மணலும் பொடிக்கல்லும் அடியில் தங்கிவிடும். இந்த இரண்டு இடத்தில் கோட்டை விட்டால் உள்ளே இருக்கிற பம்பு எல்லாம் பல்லிளித்துவிடும் என்பார். இருபத்தாறு வருடமாக அங்கேயே நின்றவரை எல்லோரும் சல்லடைக்காரர் என்றார்கள். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

அவருக்கு ஒரே ஒரு ஜென்மப் பகை. பொட்டலத்தில் ஈரமாகவே வரும் துடைக்கிற துணி. கடையில் வைப்ஸ் என்று கேட்டால் கொடுப்பார்கள். கரைந்துவிடும் என்று நம்பிக் கழிப்பறையில் போடுகிறார்கள். அது கரையவே கரையாது. நூறு துணி ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு கை பருமனுக்குக் கயிறாகி, வாரியின் கழுத்தைச் சுற்றும். மோட்டார் ஓலமிட்டுக் கருகும்.

இதை அவர் யாரிடம்தான் சொல்லவில்லை? முகத்தில் பாதிச் சோப்போடு முடி திருத்துபவரிடம் சொன்னார். வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தபோது பல் டாக்டரிடம் சொல்ல முயன்றார். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் பாதியில் எழுந்து போனார். தான் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்வாசலில், "கழிப்பறையில் துணி போடாதீர்கள்" என்று கொட்டை எழுத்தில் ஒரு நோட்டீஸும் ஒட்டினார்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் அவர் வாயே திறக்கவில்லை. அது அவர் வீடு.

"வெளியில நாறுறது போதும். வீட்டுக்குள்ள அந்தப் பேச்சே வேணாம். அழுக்குன்னு எதுவும் என் கண்ணுல படவே கூடாது" என்று கல்யாணமான முதல் வாரத்திலேயே மனைவியிடம் சொல்லிவிட்டார். அவளும் அதை அட்சரம் பிசகாமல் காப்பாற்றினாள். வேலை முடிந்து வந்து, இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்து அவர் உட்காரும்போது வீடு துடைத்துவிட்ட கண்ணாடியாக இருக்கும். பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகப் படுக்கையில் கிடக்கிற அவருடைய அப்பாவின் அறையில்கூட ஒரு வாடை இருக்காது. அது எப்படி என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. நமக்கு வாய்த்தவள் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டதோடு சரி.

இந்த வருடம் ஒரே மாதத்தில் இரண்டு மோட்டார் கருகியது. இரண்டாவது தடவை, தண்ணீரை அடைத்துவிட்டு மணல் தொட்டிக்காரர் கத்தியோடு கால்வாய்க்குள் இறங்கினார். அவரும் சல்லடைக்காரரும் இருபது வருட நண்பர்கள், ஒருவரையொருவர் மாப்ளே என்றுதான் கூப்பிடுவார்கள். துணிக்கயிற்றை அறுத்துக்கொண்டிருக்கும்போது கால் வழுக்கிக் கம்பிமேல் விழுந்தார். தொடை எலும்பு இரண்டாகிவிட்டது.

பார்க்கப் போன சல்லடைக்காரர், புரண்டு படுப்பதற்குக்கூட மனுஷன் பெண்டாட்டியைக் கூப்பிடுவதைக் கண்டு கொதித்துப்போனார்.

"எந்த வீடுன்னு கண்டுபிடிக்காம விட மாட்டேன் மாப்ளே. அந்த வாசல்லயே நின்னு நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்குறேன்."

"கண்டுபிடி. இல்லேன்னா அடுத்த தடவை நீதான் இறங்கணும்" என்றார் நண்பர். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஊரில் பலரும் துணி போடுகிறார்கள். ஆனால் ஒரு குழாயில் மட்டும் அது கொத்துக் கொத்தாக வருகிறது என்று இஞ்சினியர் சொல்லியிருந்தார். சல்லடைக்காரர் கம்பிக் கொக்கிகள் செய்தார். குழாய்கள் சேரும் ஒவ்வோர் ஆள்நுழைகுழியிலும் கொக்கியைத் தொங்கவிட்டு, மறுநாள் எதில் துணி மாட்டியிருக்கிறது என்று பார்த்துப் பார்த்து, மேலே மேலே நடந்தார். மூன்று வாரம். முதலில் பேட்டை, பிறகு தெரு தெரிந்தது. தெரு அவருடையதுதான்.

"பாத்தியா, என் மூக்குக்குக் கீழயே!" என்று கூட வந்தவர்களிடம் கறுவினார்.

கடைசிக் கொக்கி அவருடைய கட்டடத்தின் இடது பக்கக் கழிவுநீர்த் தொட்டியில் மாட்டியது. இடது பக்கக் குழாயில் சேரும் வீடுகளில் கீழ்வீடு பூட்டிக் கிடந்தது. முதல் மாடியில் வாத்தியார் ஒருவர் தனியாக இருந்தார். இரண்டாம் மாடியில் ஒரு கைக்குழந்தை. அதற்கு மேல் அவர் வீடு. அதை அவர் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இரண்டாம் மாடிக் கதவைத் தட்டி, திறந்த பெண்ணைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டார். அவளுக்கு இருபத்துமூன்று வயது இருந்தால் அதிகம். தோளில் குழந்தை. "உன்னாலதாம்மா ஒரு மனுஷன் காலை ஒடிச்சுக்கிட்டுக் கிடக்கிறான்" என்றபோது அவள் கண் நிறைந்துவிட்டது.

"எங்க வீட்ல அதெல்லாம் வாங்குறதே இல்ல அங்கிள். பழைய துணியைத் துவைச்சுத் துவைச்சுக் கட்டுறேன். வேணும்னா வந்து பாருங்க."

கொடியில் வரிசையாகத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. சல்லடைக்காரர் கொடியைப் பார்த்துவிட்டு, மெல்ல மேல்மாடி ஏறினார்.

வழக்கத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் அவர் வந்ததை மனைவி எதிர்பார்க்கவில்லை. அப்பாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முழங்காலில் அவர் முதுகைத் தாங்கிக்கொண்டு துடைத்துக்கொண்டிருந்தாள். கட்டிலுக்குக் கீழே அந்தப் பொட்டலங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. துடைத்த துணிகளைப் பந்தாகச் சுருட்டிக்கொண்டு எழுந்தவள், கழிப்பறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

அவர் ஓடிப்போய்க் கழிப்பறை வாசலில் நின்றார்.

"என்ன பண்ற நீ?"

"ஏங்க, என்னாச்சு? சீக்கிரமே வந்துட்டீங்க?"

"அதைப் போய் அதுக்குள்ள போடலாமா? அதாலதான் மாப்ள கால் போச்சு! ஊருக்கே தெரியும், உனக்குத் தெரியாதா?"

"எனக்கு யாரு சொன்னா?" என்றாள் அவள். முகம் வெளுத்துவிட்டது. "அவர் விழுந்துட்டார்னு சொன்னீங்க. எதனாலன்னு கேட்டதுக்கு, வேலைப் பேச்சு வேணாம்னீங்க."

"கீழ வாசல்ல எழுதி ஒட்டியிருக்கேனே, கண்ணு இல்லையா?"

"கீழயா?" அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். "நான் கீழ இறங்கி எத்தனை நாளாச்சு, சொல்லுங்க பாப்போம்."

அவர் விரல்விட்டு எண்ணப் பார்த்தார்.

"பதினோரு மாசம். காய்கறி நீங்க வாங்கியாறீங்க. மருந்துக் கடையில இருந்து வீட்டுக்கே வந்துருது. மாமாவை அஞ்சு நிமிஷம் விட்டா எந்திரிக்கப் பாத்து விழுந்துருவாரு. அடுப்படிக் குப்பையைப் பக்கத்து வீட்டக்கா கொண்டுபோய்ப் போடுறாங்க. இதையும் அவங்க கையில குடுக்க முடியுமா? கூடையில வெச்சா நீங்க வந்ததும் வாடை அடிக்கும். உங்க கண்ணுல அழுக்கு படக்கூடாதே."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பார். அவள் கணக்கு ஒப்பிப்பதுபோலச் சொல்லிவிட்டு, "அவர் கால் சரியாயிருமா?" என்று கேட்டாள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஊர் அழுக்கையெல்லாம் அள்ளியவர், தன் வீட்டுக் கூடையை ஒருநாள் தூக்கியதில்லை. உலகத்துக்கே பாடம் நடத்தினார். இவள் ஒருத்தியின் காதை மட்டும் அவரே பொத்தி வைத்திருந்தார்.

அன்றைக்கே இரண்டாம் மாடிக்கு இறங்கிப் போய், "தப்பு என் வீட்லதாம்மா. உன்னைப் பேசுனதுக்கு மன்னிச்சுரு" என்றார். அந்தப் பெண் பேந்தப் பேந்த விழித்தாள். அதைவிடக் கஷ்டம் மறுநாள் நண்பர் வீட்டில். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார்.

"உன்னை உதைக்கணும் மாப்ளே, கால் இல்லாமப் போச்சு" என்றார் நண்பர். "என்னைப் புரட்டிப் போடவே இவ ஒரு மாசத்துல பாதியா எளைச்சுட்டா. தங்கச்சி ரெண்டு வருஷமா எப்படித் தாங்குச்சு?"

அடுத்த விடுமுறை நாளில் சல்லடைக்காரர் துடைத்த துணிகளுக்கென்று மூடி போட்ட ஒரு வாளி வாங்கிவந்தார். அப்பாவைத் தானே துடைத்தார். அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "அவ வரட்டும்" என்று குழறினார். "அவ வர மாட்டாப்பா, இன்னைக்கு நான்தான்" என்று சொல்லிவிட்டு, மனைவியிடம் திரும்பினார். "நீ கிளம்பு. எங்கயாவது போய்ட்டு வா. சாயங்காலம் வரைக்கும் நான் பாத்துக்கிறேன்."

அவள் நம்பவில்லை. இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள். பரணிலிருந்து எடுத்த செருப்பு வெடித்துப் போயிருந்ததால், அவருடைய செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினாள்.

அவர் ஜன்னலுக்கு வந்து நின்றார். அவள் வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். ஓர் ஆட்டோ ஒதுங்கிப் போயிற்று. அங்கேயே நின்றாள். பிறகு அண்ணாந்து, ஜன்னலில் அவரைப் பார்த்து, எந்தப் பக்கம் போக என்று கையைக் காட்டிக் கேட்டாள்.

அவர் கையைத் தூக்கினார். எந்தப் பக்கம் காட்டுவதென்று தெரியவில்லை. அவளுக்கு எங்கே போகப் பிடிக்கும் என்று அவர் கேட்டதே இல்லை.