பொய்க்குக் கட்டிய குடிசை

என் தாய்மாமா பொய் சொன்னார். திருவிழாக் கூட்டம் முழுக்கக் கேட்கும்படி மைக்கில் சொன்னார். சொன்னது என் உடம்பைப் பற்றி.

எழுபதுகளின் கடைசி. மலேசியாவில் பாடாங் செராய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். கோயில் திருவிழாவுக்கு மாமாதான் நாடகம் போடுவார். அந்த வருஷம் ஒரு மாயாஜாலப் பாட்டு நாடகம். முனிவர் சாபத்தால் ஒரு நாட்டில் எல்லாம் தலைகீழ். பெண்கள் வாளெடுத்துப் போருக்குப் போவார்கள், ஆண்கள் சோறாக்குவார்கள். அரக்கி தூக்கிப்போன இளவரசனைப் பெண் ராஜா கடல் தாண்டி மீட்டு வர வேண்டும்.

ராஜாவைத் தேட, தோட்டத்துப் பெண் பிள்ளைகளைத் திடலின் ஒரு முனையில் நிறுத்திப் பாடச் சொன்னார். அவர் மறுமுனையில் சைக்கிளில் சாய்ந்து நின்றார். என் பாட்டு மட்டும்தான் அவர் வரைக்கும் போனது.

"வேலைக்காரங்கள அதட்டுற மண்டோரே தோத்தாரு லா! இவதான் ராஜா."

எனக்குப் பதினொரு வயது. இளவரசனாகத் தேர்வான பையன் அழுதான். "இவ வந்து என்னைக் காப்பாத்தறதா? நான் அரக்கிகூடவே இருந்துக்கறேன்."

ஒத்திகை பார்க்க, வரிசை வீடுகளான எங்கள் லயத்துச் சனமே வந்து உட்கார்ந்தது. "ராஜா வந்தாச்சு, வழி விடுங்க" என்று கடைக்காரர்கூடக் கிண்டல் செய்வார். பள்ளியில் யாரும் திரும்பிப் பார்க்காத பிள்ளை நான். எனக்கு அது பெரிய விஷயம்.

திருவிழா அன்று மேடைக்குப் பின்னால் கரியால் மீசை வரைந்து, காகிதக் கிரீடத்தோடு நின்றேன். தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி தன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். மாமா அவருக்குக் கீழேதான் வேலை பார்த்தார்.

"பாப்பாவுக்கும் பாட்டெல்லாம் தெரியுமாம்" என்றார் கிராணி. அவ்வளவுதான் சொன்னார்.

மாமா என் முகத்தைப் பார்க்காமலேயே கிரீடத்தைக் கழற்றி அவள் தலையில் வைத்தார். ஆனால் சனம் கேட்குமே? மைக்கைப் பிடித்தார்.

"நம்ம ராஜா இன்னிக்கு ஆட முடியாதுங்க. எங்க அக்கா மக பெரிய மனுஷி ஆயிட்டா."

அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். தீட்டுக்காரி கோயில் பக்கமே நிற்கக் கூடாது. பெண்கள் குலவையிட்டார்கள். நான் மீசையோடு லயத்துக்கு ஓடினேன். கூட்டமே சிரித்தது.

மறுநாள் காலையில் வளையலும் பழமும் வைத்த தட்டுகளோடு பெண்கள் எங்கள் வாசலில் நின்றார்கள். முறைப்படி பச்சை ஓலையில் குடிசை கட்ட வேண்டியவர் தாய்மாமன். பொய் சொன்னபோது அது அவர் நினைவுக்கு வரவில்லை போலும். தலையைக் குனிந்தபடி தென்னை ஓலை வெட்டி வந்தார்.

அம்மாவுக்கு உண்மை தெரியும். "டேய், எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கட்டுற?" என்று பல்லைக் கடித்தார்.

"சத்தம் போடாதக்கா. விஷயம் வெளிய போச்சுன்னா கிராணி என்னைத் தொலைச்சிடுவாரு லா."

அம்மா குடிசைக்குள் பாயை விரித்தார். பிறகு என்னிடம், "உள்ள போய் உக்காரு" என்றார்.

உட்கார்ந்தேன். மஞ்சள் பூசினார்கள், ஆரத்தி எடுத்தார்கள். பள்ளிப் பையன்கள் வேலியோரம் வந்து எட்டிப் பார்த்தார்கள். ஆம்பளைப் பாட்டை ஓங்கிப் பாடியதால்தான் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நம்பினேன். அதற்குப் பிறகு நான் பாடவே இல்லை.

நிஜமாகவே அது வந்தபோது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அம்மாவிடம் சொன்னேன். கதவைச் சாத்தினார்.

"யாருகிட்டயும் சொல்லாதடி. உனக்குத்தான் எல்லாம் செஞ்சாச்சே."

சொல்லிவிட்டு அழுதார். ஏன் அழுதார் என்று அன்று எனக்குப் புரியவில்லை. தப்பு செய்தவள் நான் என்றே நினைத்துக்கொண்டேன்.

இத்தனை வருஷம் கழித்து, மாமாவுக்கு அடுத்த மாதம் பாராட்டு விழாவாம். தோட்டத்துப் பிள்ளைகளை மேடையேற்றியவர் என்று மாலை போடப் போகிறார்களாம். நானும் வருகிறேன், முன்வரிசையில் உட்காருவேன். மாமா, அந்த மாலையை வாங்கும் முன்னால் சபைக்குச் சொல்லுங்கள். அன்றைக்கு எனக்கு என்ன ஆயிற்று?