மாமா ரன் அவுட்டான கேசட்

எங்கள் அப்பாவும் மாமாவும் மூன்று வாரம் பேசாமல் இருந்தார்கள். காரணம் சொத்து இல்லை, கொடுக்கல் வாங்கலும் இல்லை. ஒரு ரன் அவுட். சிரிக்காதீர்கள், பாளையங்கோட்டையில் அந்த வருஷம் அதைப் பற்றி வாய் திறக்காத டீக்கடை கிடையாது.

அப்பாவுக்கு நில அளவை வேலை. சங்கிலி பிடித்து, கல்லை நட்டு, இதுதான் எல்லை என்று அவர் சொல்லிவிட்டால் இரண்டு பக்கத்துப் பங்காளிகளும் முனகிக்கொண்டாவது வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்று பெயர். அந்தப் பெயரை வைத்துத்தான் அவரை அம்பயராகவும் பிடித்துப் போட்டார்கள். எங்கள் தெரு அணி ஆடுகிற ஆட்டத்துக்குக்கூட, சர்வேயர் ஐயாவே நிற்கட்டும் என்று எதிர் அணிக்காரர்களே கேட்டு வாங்குவார்கள். வெள்ளைக் கோட்டையும் தொப்பியையும் மாட்டிக்கொண்டு கிளம்புகிற ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா ஓர் அங்குலம் உயர்ந்துவிடுவார் என்று அம்மா சொல்வாள்.

மாமா அம்மாவுடைய ஒரே தம்பி. எங்கள் தெரு அணியின் நம்பிக்கை முழுவதும் அவர் மட்டையில்தான் இருந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறையில் நடக்கும் போட்டியின் கடைசி ஆட்டத்தில், அம்பாசமுத்திரம் அணிக்கு எதிராக, கடைசிப் பந்தில் இரண்டு ரன் வேண்டியிருந்தது. மாமா அடித்துவிட்டு ஓடினார். இரண்டாவது ரன்னுக்குத் திரும்பி வந்து, அப்பா நின்ற பக்கத்துக் கோட்டை நோக்கிப் பாய்ந்து விழுந்தார். அதே நேரத்தில் பந்து வந்து ஸ்டம்பைத் தட்டியது. ஒரே புழுதி. அப்பா விரலைத் தூக்கினார்.

ஒரு முழம் உள்ளே கிடந்தேன் என்றார் மாமா. அவுட் என்றார் அப்பா. அவ்வளவுதான். மாமா மட்டையைப் போட்டுவிட்டுப் போனவர் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. யாரோடு யார் கோபித்துக்கொண்டால் என்ன என்று இருந்திருப்பேன், என் தம்பியின் காதுகுத்து மட்டும் குறுக்கே வராமல் இருந்தால். அவனுக்கு மூன்றாவது வயது. தை கடைசியில் எங்கள் சாஸ்தா கோயிலில் மொட்டையடித்துக் காது குத்துவதென்று முடிவாகியிருந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மாமாவோ, அத்தான் தன் தப்பை ஒத்துக்கொள்கிற வரைக்கும் மடியும் கிடையாது ஒன்றும் கிடையாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். வள்ளியூரில் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் இருக்கிறாரே என்று அப்பா மெதுவாகப் பேச்சை எடுத்துப் பார்த்தார். அம்மா ஒரு பார்வை பார்த்தாள். அப்பா செய்தித்தாளை விரித்துக்கொண்டார். அன்று ராத்திரி அடுக்களையில் அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுததை நான் பார்த்தேன். எனக்கு அப்பா மேலும் கோபம் வந்தது, மாமா மேலும் வந்தது, கிரிக்கெட்டைக் கண்டுபிடித்தவன் மேலும் வந்தது.

இந்த லட்சணத்தில்தான் வெளிநாட்டில் இந்தியா ஆடிய டெஸ்ட் மேட்ச் ஐந்தாவது நாளுக்கு வந்தது. தெருவில் கலர் டி.வி. எங்கள் வீட்டில் மட்டும்தான். மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் பாயை விரித்துவிடுவோம், தெருவே வந்து உட்காரும். பலசரக்குக் கடை அண்ணாச்சி கடையைப் பூட்டிவிட்டு வந்து முதல் வரிசையில் சம்மணம் போட்டிருந்தார். மாமாவும் வந்தார். ஆனால் வீட்டுக்குள் இல்லை. வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார். வாசலை மிதிக்க மாட்டேன் என்றுதானே சொன்னார், ஜன்னலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. அம்மா கம்பி வழியாகவே அவருக்குக் காபி கொடுத்தாள்.

இந்தியா தோற்காமல் தப்பித்தாலே பெரிய காரியம் என்கிற நிலைமை. எட்டு விக்கெட் போய்விட்டது, இன்னும் அரை மணி நேரத்தைத் தள்ள வேண்டும். அந்த நேரம் பார்த்து ஆட்டக்காரர்கள் இரண்டு பேரும் நடு வழியில் முழித்துக்கொண்டு நிற்க, பந்து வந்து ஸ்டம்பில் பட்டது. அம்பயர் விரலைத் தூக்கவில்லை, தலையையும் ஆட்டவில்லை. இரண்டு கையாலும் காற்றில் ஒரு பெட்டி வரைந்து காட்டினார்.

அது புதுப் பழக்கம். மூன்றாவதாக ஓர் அம்பயர் உள்ளே டி.வி.க்கு முன்னால் உட்கார்ந்து பார்த்துச் சொல்வார் என்று பத்திரிகையில் போட்டிருந்ததைப் படித்திருந்தோம், கண்ணால் பார்ப்பது அன்றைக்குத்தான். அதே ஓட்டத்தைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். பைய, இன்னும் பைய. அண்ணாச்சி ஆமணக்கெண்ணெய் குடித்த மாதிரி முகத்தை வைத்திருந்தார். கடைசியில் மைதானத்து ஓரத்தில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது.

வீட்டுக்குள் பாதிப் பேர் கை தட்டினார்கள், பாதிப் பேர் தலையில் கை வைத்தார்கள். பச்சை என்றால் நிற்கலாம் என்று ஒரு கட்சி. பச்சை எரிந்தால் பஸ் போகும், ஆகவே ஆளும் போக வேண்டியதுதான் என்று அண்ணாச்சி கட்சி. ஆட்டக்காரர் மட்டையைத் தட்டிக்கொண்டு தன் இடத்துக்கே திரும்பிய பிறகுதான் விஷயம் விளங்கியது. அரை மணி நேரமும் ஓடி மேட்ச் டிரா ஆனது. தோற்காததற்கே ஜெயித்த சந்தோஷம்.

ஆனால் பேச்சு மேட்சோடு நிற்கவில்லை. இனிமேல் அம்பயர் எதற்கு, மிஷினே போதும், மிஷின் சொந்தம் பந்தம் பார்க்காது என்று அண்ணாச்சி ஆரம்பித்தார். அப்பாவுக்குச் சுருக்கென்றது. மிஷினையும் ஒரு மனுஷன்தான் கொண்டுபோய் வைக்கிறான், வைத்த இடத்தில் இருந்துதான் அது பார்க்கும், கல்லைத் தப்பாக நட்டால் சங்கிலி என்ன செய்யும் என்றார். கேட்டுத் தெரிந்துகொள்கிறவனுக்கு எதற்கு அந்த வெள்ளைக் கோட்டு என்றும் சொன்னார்.

ஜன்னலில் இருந்து மாமா குரல் வந்தது. அப்பாவைப் பார்த்துச் சொல்லவில்லை, அண்ணாச்சியைப் பார்த்துத்தான் சொன்னார்.

"உலகம் பூரா அம்பயரா நிக்கவனே சந்தேகம்னா கேக்குதான் அண்ணாச்சி. நம்ம ஊர்லதான் யாருக்கும் சந்தேகமே வர மாட்டேங்கு."

அப்போதுதான் மாமா மூன்று வாரமாக அடைகாத்துக்கொண்டிருந்த சங்கதியை வெளியே விட்டார். கிறிஸ்துமஸ் போட்டியின் கடைசி ஆட்டத்தை அவர் சினேகிதர் ஒருவர் வீடியோ எடுத்திருக்கிறார். கேசட் கைக்கு வந்துவிட்டது. நாலு பேர் முன்னால் போட்டுப் பார்ப்போம். தான் அவுட் என்று தெரிந்தால் மாமாவே அத்தான் காலில் விழுந்துவிட்டுக் காதுகுத்துக்கு வருவார். இல்லையென்றால் அதே நாலு பேர் முன்னால் அத்தான் ஒத்துக்கொள்ள வேண்டும்.

அப்பா எழுந்து டி.வி.யை அணைத்தார். பிறகு, போடச் சொல்லு என்று அம்மாவிடம் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடியோ கேசட் போடுகிற வாடகை டெக் வந்து இறங்கியது. மாமா வீட்டுக்குள் வந்து டெக் பக்கத்தில் உட்கார்ந்தார். வழக்கு விசாரணைக்கு வந்ததாகத்தான் கணக்கு, விருந்துக்கு இல்லை என்பது போல காபியைத் தொடவில்லை. அம்மா கதவோரம் நின்றாள். அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. எந்தச் சாமியிடம் என்ன கேட்டாளோ, புருஷன் ஜெயிக்க வேண்டும் என்றா தம்பி ஜெயிக்க வேண்டும் என்றா, அவளுக்கே தெரிந்திருக்காது.

கேசட் ஓடியது. முதலில் நாகஸ்வரம் வந்தது. அடுத்து இதய வடிவத்துக்குள் மாமா முகம் வந்தது, அதைச் சுற்றி ரோஜாப்பூ கொட்டியது. சினேகிதர் கல்யாண வீடியோக்காரர். அவருக்குத் தெரிந்த தொழிலைத்தான் அவர் மைதானத்திலும் செய்திருந்தார். பந்து பறக்கும்போது பந்தைப் பார்க்காமல், பார்க்கிறவர்களைப் பார்த்திருந்தார். நாலு ரன் போனால் கை தட்டுகிற முகங்கள், விக்கெட் விழுந்தால் சர்பத் குடிக்கிற முகங்கள்.

கடைசிப் பந்து வந்தது. மாமா அடித்தார், ஓடினார், திரும்பினார். அந்த இடத்தில் காமிரா சாவகாசமாகத் திரும்பிக் கூட்டத்துப் பக்கம் போனது. முகூர்த்த நேரத்தில் தாலியை விட்டுவிட்டு அட்சதை போடுகிறவர்களைக் காட்டியே பழகிய கை. எதிர்ப்பக்கத்தில் கூட்டம் மொத்தமாக எழுந்து நின்றது. கடை அண்ணாச்சி வாயைப் பிளந்துகொண்டு நின்றார். வீட்டில் சிரிப்பு பொங்கியது. எல்லாரும் அவரவர் முகத்தைத் தேடினார்கள், கிடைத்தவர்கள் விரலை நீட்டிக் காட்டினார்கள்.

நான் என்னைக் கண்டுபிடித்துவிட்டேன். சிவப்புப் பாவாடை. தம்பி அம்மா மடியில் இருந்து நழுவிக் கூட்டத்துக்குப் பின்னால் இருந்த ரோட்டைப் பார்த்து ஓடுகிறான், நான் துரத்திக்கொண்டு ஓடுகிறேன். அவனுக்கு அப்பால் பஸ் ஒன்று வருகிறது. எட்டி அவன் டவுசரைப் பிடித்து இழுத்துவிட்டேன். அம்மாவிடம் அடி வாங்கியது தவிர அன்று நடந்த அந்தச் சங்கதி எனக்கே மறந்து போயிருந்தது. டி.வி.யில் நான் வந்துவிட்டேன், அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்?

காமிரா திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மாமா தரையில் கிடந்தார். அப்பாவின் விரல் மேலே இருந்தது.

மாமா திருப்பிப் போட்டார். மறுபடியும் கூட்டம், மறுபடியும் சிரிப்பு. மூன்றாவது தடவை போட்டு, கூட்டம் தெரிகிற இடத்தில் நிறுத்தி வைத்தார். டி.வி.க்குக் கிட்டத்தில் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். நானும் நிறைந்த மனதோடு என் பாவாடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா திரும்பி அப்பாவைப் பார்த்தார். அப்பா முகம் வெளுத்திருந்தது. நாற்காலியில் இருந்து எழுந்திருக்கப் பார்த்தார்.

"மாப்ள, நான் அன்னைக்கு..."

"விடுங்க அத்தான்" என்று மாமா டெக்கை அணைத்துவிட்டார். பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். "படம் எடுத்தவன் காலை வாரிட்டான்வே. இதுல ஒரு எழவும் தெரியல. அத்தான் குடுத்தா அவுட்டுதான். ஏக்கா, பயலுக்குக் காது குத்த என்னைக்குப் போவணும்?"

அம்மா அடுக்களைக்குள் ஓடினாள். ஆறிப்போன காபியை எடுத்துப் போய்ச் சூடு பண்ணுகிற சாக்கில் அழுதிருப்பாள்.

காதுகுத்து ஜோராக நடந்தது. மாமா பட்டுத் துணியும் கடுக்கனும் தட்டில் வைத்துக்கொண்டு வந்தார். மொட்டைத் தலையோடு தம்பி அவர் மடியில் உட்கார்ந்து ஊரைக் கூட்டினான். மாமா அவன் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார், தேவைக்கு மேலேயே இறுக்கிப் பிடித்த மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு அப்பா அம்பயராகப் போகவே இல்லை. கூப்பிட வந்தவர்களிடம் முழங்கால் வலி என்றார். வரப்பு வரப்பாக நடக்கிற மனுஷருக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் எப்படி முழங்கால் வலிக்கும் என்று நான் யோசித்தேன். ஜெயித்தவர் ஏன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார், தோற்ற மாமா ஏன் இப்படிச் சிரித்துக்கொண்டு திரிகிறார் என்பதும் பிடிபடவில்லை.

தம்பி கல்யாணத்தின்போது பழைய கேசட்டுகளையெல்லாம் சி.டி.யில் ஏற்றினார்கள். அப்போதுதான் அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். என் பாவாடையைத் தேட வேண்டிய வயதெல்லாம் தாண்டியிருந்ததால் படத்தின் மற்ற இடங்களும் கண்ணில் பட்டன. இடது ஓரத்தில் அப்பா நிற்கிறார். தொப்பியின் பின்பக்கமும் வெள்ளைக் கோட்டின் முதுகும்தான் தெரிகின்றன. பந்து ஸ்டம்பில் படுகிற சத்தம் கேட்கிறது. அப்பா அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ரோட்டை நோக்கி ஓடுகிற தம்பியைப் பார்த்து நிற்கிறார். ஒரு காலை முன்னால் எடுத்து வைத்திருக்கிறார். மாமா அவுட்டா இல்லையா என்பது அப்பாவுக்குத் தெரியவே தெரியாது.

காது குத்திய அன்று சாஸ்தா கோயிலில் பந்தி முடிந்ததும் அப்பா ஆற்றங்கரைக்குப் போய்த் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூன்று வாரம் அவர் மேல் கோபமாக இருந்ததற்குப் பரிகாரமாக ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

"காமிராவே ஒங்ககிட்ட தோத்துப் போச்சுல்லாப்பா?"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "அந்தப் படத்துல நீ யாரட்டி பாத்தே?"

"என்னயத்தான்."

அவர் என் தலையில் கை வைத்தார். "நல்லா ஓடுனட்டி" என்றார். "நீ மட்டும் ஓடலன்னா" என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. அப்பா என் ஓட்டத்தைத்தான் புகழ்கிறார் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கட்டுமா என்று கேட்டேன்.