அண்ணா கேட்ட ஒரு நேரச் சாப்பாடு

நினைவு மலரில் எழுதுபவர் கண்ணீரோடு தொடங்குவது வழக்கம். எனக்கு இந்த ஓராண்டாக அழுகை வரவில்லை. உள்ளதைத்தான் எழுத முடியும், உறவினர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அண்ணா சாவகச்சேரியில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அடுத்தவள் நான், கடைசி தம்பி. அப்பா இளவயதிலேயே காலமானதால் அண்ணா படிப்பைப் பாதியில் விட்டார். போரில் தம்பியைப் பறிகொடுத்த பிறகு அகதியாக ஜெர்மனி வந்து, ஆஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியை முடித்து, கூரை வேலைக்காரரானார். என்னை இங்கே அழைத்துக் கரையேற்றியவர் அவரே. தாம் மணம் முடிக்கவில்லை. ஒரு சட்டை வாங்கிக் கொடுத்தால்கூட, "இருக்கிறது காணும்" என்று மறுத்துவிடுவார்.

பிராங்பேர்ட்டுக்கு வடக்கே ஒரு மலைக்கிராமத்தில், பிள்ளையில்லாத விவசாயத் தம்பதியர் தங்கள் பழைய பண்ணை வீட்டைப் புத்த பிக்குகளுக்குக் கொடுத்திருந்தனர். மாட்டுத் தொழுவம் தியான மண்டபமாயிற்று. ஒரு குளிர்காலத்தில் பனியின் பாரம் தாங்காமல் அந்த மண்டபத்தின் கூரை இடிந்து விழுந்தது. பார்த்து வரும்படி அண்ணாவை அவருடைய முதலாளி அனுப்பினார். போனவர், அதன்பின் சனிக்கிழமைதோறும் தாமாகவே போகத் தொடங்கினார். கிராமத்தவர் சிலரோடு கூரையேறி உளுத்த வளைமரங்களை மாற்றினார். உடையாத பழைய கூரைக் கற்பலகைகளைக் கழுவி மறுபடி பதித்தார். பிக்குகள் மண் கிண்டக்கூடாது என்பது அவர்களுடைய விதி; ஆகவே மழைநீர் வாய்க்காலையும் அண்ணாவே வெட்டினார்.

சொந்தத்துக்குள் முணுமுணுப்பு எழுந்தது. அங்கிருந்த பிக்குகளில் ஒருவர் தென்னிலங்கைச் சிங்களவர். ஒரு கலியாண வீட்டில் மாமா நேராகவே கேட்டார்.

"தம்பியைப் பறிகுடுத்த உனக்கு, வேலை செய்ய வேற இடம் கிடைக்கேல்லையோ?"

"கூரை ஒழுகுது மாமா. முதல் அதை அடைப்பம். மிச்சத்தைப் பிறகு கதைப்பம்."

நான் மாமாவின் பக்கமும் பேசவில்லை, அண்ணாவின் பக்கமும் பேசவில்லை. அந்தக் காவி உடையைக் கண்டால் எனக்குத் தம்பிதான் நினைவுக்கு வருவான். அதனால் அங்கே போனதில்லை.

கூரை வேலை முடிந்த ஆண்டிலேயே அண்ணாவுக்குப் புற்றுநோய் என்றார்கள். அந்தச் சிங்களப் பிக்கு மருத்துவமனைக்கு வந்து பார்ப்பார். இலங்கையில் பிறந்த இருவரும் ஜெர்மன் மொழியில்தான் பேசிக்கொள்வார்கள், பெரும்பாலும் கூரையில் மழைநீர் ஓடும் பீலியைப் பற்றி. கடைசி வாரத்தில் அண்ணா என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"என்ர முப்பத்தொண்டுக்கு அந்தப் பிக்குமாருக்கு ஒரு நேரச் சாப்பாடு குடுப்பியே, தங்கச்சி?"

"ஓம் அண்ணா."

"மத்தியானத்துக்கு முதல் குடுக்கோணும். பிந்தினா அவை சாப்பிடமாட்டினம்."

வாழ்நாளில் அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

நம் வீட்டுக் காரியம் எது நேரத்துக்கு நடந்திருக்கிறது? முப்பத்தோராம் நாள், அந்தியேட்டியன்று, ஐயர் வந்த ரயில் தாமதம். பிறகு மச்சான் வரவில்லை என்று காத்திருந்தோம். அண்ணாவுக்குப் படைக்கும் முன் சோற்றுச் சட்டியை வெளியே கொண்டுபோகக் கூடாதென்று பெரியம்மா மறித்தார். எல்லோருமாக மடாலயத்தை அடைந்தபோது மதியம் கடந்துவிட்டது. பிக்குகள் சமைப்பதில்லை. நம் சாப்பாடு வருகிறதென்று கிராமத்தவரும் அன்று எதுவும் கொண்டுபோயிருக்கவில்லை.

அந்தப் பிக்குவிடம் நான் ஜெர்மன் மொழியில் மன்னிப்புக் கேட்டேன். "எங்களுக்கு நாளை சாப்பாடு வரும். நீங்கள் தூரத்திலிருந்து வந்திருக்கிறீர்கள், இருந்து சாப்பிடுங்கள்" என்று அவரும் அதே மொழியில் சொன்னார்.

அண்ணா வேய்ந்த கூரையின் கீழ் நாங்கள் சாப்பிட்டோம். பட்டினி கிடந்தவர்கள் எங்களுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். மாமா தலை நிமிராமல் சாப்பிட்டார்.

'பிறகு கதைப்பம்' என்ற அந்த மிச்சத்தைக் கதைக்காமலே அண்ணா போய்விட்டார். அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. தம்பியை நினைத்தால் வரும் கோபமும் அப்படியே இருக்கிறது.

அண்ணாவைப் பராமரித்த தாதியருக்கும், அவரோடு கூரையேறிய கிராமத்தவருக்கும், ஓராண்டாக என் மௌனத்தைச் சகித்துக்கொண்ட உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அன்று எங்களால் பட்டினி கிடந்தவர்களுக்கும் நன்றி.

இந்த ஆண்டுத் திவசத்தை மடாலயத்திலேயே வைத்திருக்கிறோம். அழைப்பில் ஒன்பது மணி என்று போட்டிருந்தேன். நீங்கள் எப்போது வருவீர்கள் என்பது எனக்குத் தெரியும். இம்முறை ஐயருக்காகவோ மச்சானுக்காகவோ காத்திருக்கப் போவதில்லை. அந்தப் பிக்குவின் பாத்திரத்தில் முதல் அகப்பைச் சோற்றை என் கையால் இடுவேன். அங்கே இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது அவர்கள் சாப்பிட்டு முடித்திருப்பார்கள்.