மகுடஞ்சாவடி வந்தால் நின்றுபோகும் குளிர்

போன வாரம் ராசிபுரத்திலிருந்து திரும்பும்போது என் காரில் ஏசி நின்றுவிட்டது. குளிர் போய் வெறும் காற்று வந்தது. அந்தக் காற்றில் ஒரு வாசனை: நனைந்து சரியாகக் காயாத கோணிப்பையும் சூடேறிய புழுதியும் கலந்த மாதிரி. மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு கண்ணாடியை இறக்கினாள். எனக்கு அந்த வாசனை பிடிக்கும் என்றால் நம்பமாட்டீர்கள். பதினோரு வருடம் அதை முகர்ந்துதான் சோறு தின்றேன்.

சேலத்தை ஒட்டிய கொண்டலாம்பட்டியில் அப்போது நானும் நண்பன் மணியும் கூட்டாகக் கார் ஏசி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தோம். போர்டில் பனிக்கரடி வரையச் சொன்னோம். வரைந்தவர் பனிக்கரடியைப் பார்த்ததில்லை போலிருக்கிறது. வெள்ளை எருமை ஒன்று பனிக்கட்டி மேல் உட்கார்ந்திருந்தது. "எருமைக் கடை" என்று பெயராகிவிட்டது. அதுவும் நல்லதுதான், வழி கேட்டு வருகிறவர்கள் தப்பாமல் வந்தார்கள்.

தொழில் எனக்குத் தெரியும் என்ற நினைப்பு நிறையவே இருந்த காலம். ஏசி வரவில்லை என்றால் கேஸ் குறைந்திருக்கும், இல்லாவிட்டால் மின்விசிறி சுற்றாது, அதுவும் இல்லாவிட்டால் கம்ப்ரசர் போயிருக்கும். இந்த மூன்றுக்குள் உலகம் அடங்கிவிடும் என்று இருந்தேன். அந்த நினைப்பை உடைத்தவர் எடப்பாடி சரோஜாக்கா.

ஒரு பங்குனி மாதம், செவ்வாய்க்கிழமை காலையில் பழைய வெள்ளைக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார். நாற்பது வயதிருக்கும். வீட்டில் நான்கு விசைத்தறி ஓட்டுகிறவர். கணவர் போர்வெல் வண்டியோடு வடக்கே போயிருந்தார். பெண்கள் கார் ஓட்டி வருவதே எங்கள் பக்கம் அபூர்வம். நான் காரைப் பார்க்காமல் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஏனுங்க தம்பி, சேலத்துல இருந்து ஊருக்குத் திரும்பறப்ப மகுடஞ்சாவடி வந்தா ஏசி நின்னு போயிருதுங்க" என்றார்.

பார்த்தோம். கேஸ் சரியாக இருந்தது. விசிறி சுற்றியது. கம்ப்ரசர் ஓடியது. கைவைத்தால் விரல் விறைக்கும் குளிர்.

"நல்லாத்தானுங்கக்கா இருக்குது. சுவிட்சைச் சரியாப் போட்டிருக்க மாட்டீங்க" என்றேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அவர் கோபப்படவில்லை. பையிலிருந்து கிழித்த நாள்காட்டித் தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்தது: எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம், எவ்வளவு நேரம் கழித்துத் திரும்ப வந்தது. காலையில் ஒரு நாள்கூட நிற்கவில்லை. எல்லாம் மதியம். எல்லாம் அரைமணி நேரம் ஓடிய பிறகு.

"ரெண்டு கடையில பாத்தாச்சு. ரெண்டு பேரும் கேஸ் அடிச்சு உட்டாங்க. உங்க கடையில நின்னா நல்லாத்தான் ஓடும், அது எனக்கும் தெரியுமுங்க. மத்தியானம் ஒரு மணிக்கு எங்கூட வண்டியில வாங்க."

"மத்தியானம் கடையில வேலை இருக்குதுங்கக்கா."

"அப்ப வேலை முடியற வரைக்கும் இங்கயே உக்காந்திருக்கறேன்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்த பிறகுதான் காரணத்தைச் சொன்னார். மகள் நந்தினிக்குப் பிறவியிலேயே வேர்வை வராது. வேர்க்காத உடம்பு சூட்டை வெளியே தள்ளாது. வெயிலில் கொஞ்சம் இருந்தால் போதும், காய்ச்சல் ஏறி மயங்கிவிடுவாள். அதனால் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே படித்து, தனித்தேர்வராகப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதுகிறாள். பரீட்சை மையம் சேலத்தில். முந்தின நாள் முதல் பரீட்சை எழுதிவிட்டுத் திரும்பும்போது மகுடஞ்சாவடியில் குளிர் நின்றது. புள்ளை பின்சீட்டில் சாய்ந்துவிட்டாள்.

"ரோட்டோரம் ஒரு காட்டுல கிணத்து மோட்டார் ஓடிட்டிருந்துச்சு. வண்டியை அப்படியே உட்டுட்டு, புள்ளையைத் தூக்கிட்டுப் போயி தண்ணி உழுகற தொட்டியில உக்கார வெச்சேனுங்க. கண்ணு முழிச்சதும் என்ன கேட்டா தெரியுங்களா? வெசாழக்கிழமை பரீட்சைக்குக் கூட்டிட்டுப் போவியாம்மான்னு கேட்டா."

சொல்லும்போது அவர் குரல் உடையவில்லை. மணிதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "போயிட்டு வா" என்றான்.

ஒரு மணிக்குக் கிளம்பினோம். தார் ரோடு பளபளவென்று மின்னியது. மகுடஞ்சாவடிக்குக் கொஞ்சம் முன்னால் குளிர் நின்றது. நின்றதும் எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க முடியவில்லை. பிடிகொடுக்காத திருடன் கையில் சிக்கியது போல இருந்தது. வண்டியை ஓரம் கட்டி, எஞ்சினை நிறுத்தாமல் பானெட்டைத் திறந்தேன். அனல் முகத்தில் அறைந்தது.

கம்ப்ரசரின் வெளிச்சக்கரம் சுற்றியது. அதன் முன்னால் இருக்கும் கிளட்ச் தட்டு சும்மா நின்றது. அந்தத் தட்டு சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டால்தான் உள்ளே கம்ப்ரசர் ஓடும். டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்தேன், விளக்கு எரிந்தது. கரண்ட் வருகிறது, தட்டு ஒட்டவில்லை. ரோட்டோரம் கிடந்த நீளமான குச்சியை எடுத்து, பெல்ட்டில் படாமல் தட்டை லேசாகத் தள்ளினேன். 'டக்' என்று ஒட்டியது. உள்ளே இருந்து சரோஜாக்கா கத்தினார்: "வந்துருச்சு! தம்பி, வந்துருச்சுங்க!"

விஷயம் இவ்வளவுதான். தட்டு தேய்ந்து, சக்கரத்துக்கும் அதற்கும் நடுவே இடைவெளி அதிகமாகியிருந்தது. அந்தத் தட்டை இழுப்பது உள்ளே இருக்கும் மின்காந்தம். குளிர்ந்திருக்கும்போது அந்த இடைவெளியைத் தாண்டி இழுத்துவிடும். சூடேறினால் அதன் பலம் குறைந்துவிடும். கடை நிழலில் நிறுத்திவைத்துப் பார்த்தால் ஆயுசுக்கும் தெரியாது.

கடைக்குத் திரும்பி, தட்டைக் கழற்றி, இடைவெளி குறைய, அதன் பின்னால் இருந்த மெல்லிய வாசர் வளையங்களில் ஒன்றை எடுத்துவிட்டு மாட்டினேன். வேலை முடிந்தது என்று கையைக் கழுவினேன். சரோஜாக்கா, "நாளைக்கு மத்தியானமும் ஓட்டிப் பாக்கலாமுங்க" என்றார்.

புதன்கிழமை மகுடஞ்சாவடியைத் தாண்டினோம். நான் மீசையைத் தடவினேன். அடுத்து வரும் கொங்கணாபுரத்தில் நின்றுவிட்டது.

திரும்பவும் கடை. இன்னொரு வாசரை எடுக்க வேண்டும். ரொம்ப நெருங்கினால் தட்டு எந்நேரமும் உரசிக் கருகிவிடும். பிளேடு நுழையும் அளவு இடம் விட்டு, சுற்றிச் சுற்றிப் பார்த்துப் பொருத்துவதற்குள் பொழுது சாய்ந்தது. மதிய வெயிலில் சோதிக்க இனி நாளில்லை. "நாளைக்குப் பரீட்சை முடியறப்ப நானும் வாரேனுங்க" என்று நானாகவே சொன்னேன்.

வியாழக்கிழமை கால் மணி முன்னதாகவே வண்டியைக் குளிர வைத்துக்கொண்டு பரீட்சை மையத்து வாசலில் காத்திருந்தோம். நந்தினி தலையில் ஈரத்துண்டோடு வெளியே வந்தாள். ஒல்லியான பெண், முகம் செக்கச் செவேலென்று சிவந்திருந்தது. பின்சீட்டில் விழுந்து கண்ணை மூடிக்கொண்டாள். சரோஜாக்காவின் இடது கை நிமிடத்துக்கு ஒருதரம் காற்று வரும் துளைக்கு முன்னால் போய்ப் போய் வந்தது. என் மடியில் அந்த நீளக் குச்சி.

மகுடஞ்சாவடி வந்தது. போனது.

பின்னாலிருந்து மெல்லக் குரல் கேட்டது. "அண்ணா, உங்க சட்டை ஏன் இப்படி நனைஞ்சிருக்குது?"

"வேர்வைம்மா." ஏசி காருக்குள்ளும் பயத்தில் எனக்கு அப்படி வேர்த்திருந்தது.

"வேர்த்தா எப்படியிருக்கும்?"

என்னிடம் இதுவரை யாரும் கேட்காத கேள்வி. "கசகசன்னு இருக்கும். கண்ணுல பட்டா எரியும்" என்றேன். அது போதவில்லை என்று பட்டது. "ஆனா, அதுமேல காத்து அடிச்சா சில்லுன்னு இருக்கும்."

"நல்லா இருக்குமாட்ட இருக்குது" என்றாள்.

சரோஜாக்கா ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆனால் அப்போதுதான் அழுதார். கொங்கணாபுரம் தாண்டியதே எங்களுக்குத் தெரியவில்லை. எடப்பாடி வீட்டு வாசல் வரை குளிர் நிற்கவில்லை. மீதிப் பரீட்சைகளுக்கும் நிற்கவில்லை. ஜூன் மாதம் என்று நினைவு, கடை போனில் கூப்பிட்டு, "புள்ளை பாஸாயிட்டாளுங்க" என்று மட்டும் சொன்னார். போனை வைத்துவிட்டார்.

பிறகு சாலையை அகலப்படுத்தியதில் எங்கள் கடை போயிற்று. மணி பழனிப் பக்கம் நிலம் வாங்கிக்கொண்டு போனான். நான் வேறு வேலைக்கு மாறினேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்துக்கு எடப்பாடி போனபோது சரோஜாக்கா வீட்டைத் தேடிப்போனேன். தறிக்கூடம் இருந்த இடத்தில் தண்ணீர் கேன்கள் அடுக்கியிருந்தன. பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார்.

"அவீங்க குன்னூர் போயி ரொம்ப வருசமாச்சுங்க. புள்ளைக்கு அங்க வேலை. தறியெல்லாம் எடைக்குப் போட்டுட்டாங்க. போன் நம்பர் இருந்துச்சு, இப்பப் போட்டா போக மாட்டீங்குது."

"காரு வெச்சிருந்தாங்களே?"

"அதையும் குடுத்துட்டுத்தான் போனாங்க. அந்தூருல ஏசிக் காரு எதுக்குங்க?"

மதியம் இரண்டு மணி. முன்பெல்லாம் அந்தத் தெருவில் பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும், அவ்வளவு தறிச் சத்தம். இப்போது எங்கோ ஒரு வீட்டில் குக்கர் விசிலடித்தது கேட்டது. அவ்வளவுதான்.