தாய்மாமன் வந்து இறங்கிய சனிக்கிழமை

பசிபிக் தீவு நாடான சமோவாவில் அப்பியா சந்தைக்கும் ஃபாலேயோலோ விமான நிலையத்துக்கும் இடையே இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டியவர் மாலாகி. பஸ் நேரத்துக்குப் போகும். அவர் மட்டும் எந்தக் கல்யாணத்துக்கும் எந்தத் துக்கத்துக்கும் நேரத்துக்குப் போனதில்லை.

2011-ஆம் ஆண்டு முடிவில் சமோவா அரசாங்கம் நாட்காட்டியில் ஒரு வெள்ளிக்கிழமையைத் தாண்டிக் குதித்து, தேதிக்கோட்டின் இந்தப் பக்கம் வந்தது. கிழக்கே அமெரிக்கர் வசமுள்ள பாகோ பாகோ அந்தப் பக்கமே நின்றுவிட்டது. இடையில் நூற்றைம்பது கிலோமீட்டர். சின்ன விமானத்தில் போக நாற்பது நிமிடம். வர, பின்காற்றில் முப்பத்தைந்து. ஆனால் இங்கே ஞாயிறு மதியம் ஏறினால் அங்கே சனிக்கிழமை மதியம் இறங்கலாம். அரசாங்கம் தன்னை நினைத்தே இதைச் செய்ததாக மாலாகிக்குப் பட்டது. பாகோவுக்கு ஒரு நாள் பிந்திக் கிளம்பினாலும் பிந்தியதாகாது என்று பஸ்ஸில் ஏறியவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பாகோவில் மீன் டப்பா ஆலையில் வேலைபார்க்கும் தங்கை டெபோரா, மகள் லூபேக்குக் கல்யாணம் வைத்தாள். மாதக்கணக்கில் பின்னிய மெல்லிய பாயைத் தாய்மாமன் கொண்டுவந்து சம்பந்தி முன் விரிக்கவேண்டும். விரிக்காவிட்டால் லூபே புகுந்த வீட்டில் தலை நிமிர்ந்து பேச முடியாது. அங்கே கல்யாணம் வெள்ளிக்கிழமை. வெள்ளி என்றால் அண்ணன் குழம்பிவிடுவார் என்று, அவர் ஊர்க் கிழமைக்கு மாற்றியே போனில் சொன்னாள்.

"கல்யாணம் சனிக்கிழமை, அண்ணே. மறந்துடாத."

மாலாகி அதைத் தங்கை ஊர்ச் சனி என்று எடுத்துக்கொண்டு, தன் பங்குக்கு இன்னொரு முறை மாற்றினார். ஞாயிறு ஆராதனை முடித்து, சுட்ட பன்றியும் சேம்பங்கிழங்கும் நிதானமாகச் சாப்பிட்டு, பாயைத் தோளில் போட்டுக்கொண்டு, சின்ன விமானம் என்பதால் ஆளையும் நிறுக்கும் விமான நிலையத் தராசில் ஏறி நின்றார். பாயைக் கீழே வைக்கச் சொன்னதற்கு, தாய்மாமன் எடையில் பாயும் சேர்த்தி என்று வாதாடினார்.

பாகோ விமான நிலையத்தில் லூபேயும் மாப்பிள்ளையும் பெட்டிகளோடு நின்றிருந்தார்கள். தன்னை வரவேற்க வந்ததாக நினைத்து மாலாகி கையை உயர்த்தினார்.

"நேத்தே முடிஞ்சுது, அண்ணே," என்றாள் டெபோரா. "நீ வந்த விமானத்துலயே பிள்ளைங்க உங்க பக்கம் சவாயி தீவுக்குக் கிளம்புறாங்க."

அவர் டிக்கெட் கொடுக்கும் பெண்ணிடம் போனார். ஒரு தடவை பறந்தால் ஒரு நாள் பின்னால் போகிறதே, இன்னொரு தடவை பறந்தால் நேற்றைக்குப் போகலாமா என்று கேட்டார்.

"இங்கேருந்து ஏறினா உங்க ஊருக்குத்தான் போகும், பெரியவரே. அங்க இப்ப நாளைக்கு."

வழியனுப்ப வந்திருந்த சம்பந்தி, சுவரில் இருந்த விமான அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தார். திரும்பவே இல்லை. நேற்று முழுவதும் தங்கை இந்த முதுகைத்தான் பார்த்திருக்கிறாள் என்று மாலாகிக்கு அப்போது புரிந்தது.

கூடத்தின் நடுவில் பாயை உதறி விரித்தார். சந்தைக் கூட்டத்தில் பஸ்ஸுக்கு ஆள் கூப்பிட்ட குரலில், தன் பாட்டன் பெயரிலிருந்து தங்கை பெயர்வரை வரிசையாகச் சொன்னார். பயணிகள் எழுந்து நின்று வழக்கப்படி வாழ்த்துக் கூவினார்கள். விமானி பதினொரு நிமிடம் காத்திருந்தார். சம்பந்தி குனிந்து, ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாகப் பாயின் ஓரத்தைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டார்.

விமானம் கிளம்பியது. டெபோரா கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணனைத் திட்ட வாயெடுத்தாள்.

"சனிக்கிழமைன்னுதானே சொன்ன?" என்றார் மாலாகி. "இன்னிக்கு என்ன கிழமை?"